கிணற்றைச் சுற்றிக் கேட்ட மாட்டு மணி

பாயாவை நம்பும் சொந்தங்களே, என் மகன் கோபி கிணற்றுக்குள் செத்துக்கொண்டிருந்தான். நான் மேலே கையாலாகாமல் நின்றேன். என் சாட்சி அங்கேதான் தொடங்குகிறது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். படாளம் பக்கம் கல்லுடைக்க வந்த லம்பாடிக் கூட்டத்தில் பிறந்தவன். மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு வரை என் தண்ணீர் லாரி போகாத ஓட்டல் கிடையாது. எவன் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் நான். எங்கள் குரு பாயா, அந்தக் காலத்தில் மாட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய், குடிக்காதே, பொய் சொல்லாதே, தண்ணீரை விற்காதே என்று எங்கள் சனத்தைத் திருத்தியவர். அவருக்கு நெய்யும் வெல்லமும் தவறாமல் படைப்பேன். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். லாரிக்குத் தண்ணீர் எடுக்கும் எங்கள் கிணற்றில் மோட்டார் இழுக்கவில்லை என்று கோபி உள்ளே இறங்கினான். பேசிக்கொண்டே போனவன் குரல் பாதியில் நின்றது. பின்னால் இறங்கிய டிரைவர் முருகன் தள்ளாடி மேலே ஏறி வந்தான்.

"மொதலாளி, உள்ள விஷக்காத்து கீது! எறங்குனா நானும் காலி!"

"எம் புள்ளடா அவன்!"

"ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்டுட்டேன், வந்துகினு கீறாங்கோ."

அதுவரை மூச்சு தாங்குமா? என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கே தண்ணி குடுக்கறவன்னு பீத்திக்கினியே, இப்ப இன்னா பண்ணப் போற?"

மண்டியிட்டேன். பாயா, இவனைக் கொடு, இனி ஒரு சொட்டும் விற்கமாட்டேன் என்று கதறினேன்.

காற்று நின்றது. சவுக்குத் தோப்பு அசையவில்லை. மாட்டு மணி கேட்டது. பெரிய மந்தை ஒன்று கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கிற சத்தம். கண்ணுக்கு ஒரு மாடும் இல்லை. புழுதி மட்டும் குளம்பு குளம்பாக அமுங்கிக்கொண்டே போனது. காதோரம், எங்கள் பாஷையில் ஒரு குரல்: எடுத்த இடத்திலேயே ஊற்று.

லாரி நிறைய தண்ணீரோடு நின்றது. "முருகா, ஓஸ் பைப்பக் கெணத்துல வுட்டுத் தொற!"

"முழுகிடுவாரு மொதலாளி!"

"தொறடா!"

தண்ணீர் உள்ளே மழையாகக் கொட்டியது. கெட்ட காற்று எங்கள் முகத்தில் அறைந்து வெளியேறியது. லாரி காலியானதும் முருகன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். கோபி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கழுத்துவரை. மயங்கிக் கிடந்தவன் மோவாய் மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டான்: "நைனா, என் மோவாயத் தூக்கிப் புடிச்சிகினு இருந்தாரே, அந்தப் பெரியவரு மேல ஏறிட்டாரா?"

"முருகன் வர்ற வரைக்கும் கீழ இருந்தது நீ ஒருத்தன்தான்டா."

"இல்ல நைனா. கை சில்லுனு இருந்திச்சி."

இன்று என் லாரிகள் உப்புத் தண்ணீர் ஊறும் மீனவக் குப்பங்களுக்குச் சும்மாவே போகின்றன. பிழைப்புக்கு ஜல்லி லாரி ஓட்டுகிறேன். அதிலும் என்னை முந்த ஆளில்லை. ஆனால் யார் தயவும் இல்லை என்று இப்போது சொல்வதில்லை. சொந்தங்களே, உங்களுக்கும் மூச்சு முட்டும் நாள் வரும். கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிடும் முன்பே அவர் கீழே இறங்கியிருப்பார்.