பதினான்கு ஞாயிறும் ஒரு கையெழுத்தும்

எலைஜாவுக்கு ஐந்து மொழிகள் தெரியும். மனம்விட்டுப் பேச ஆள்தான் ஒன்றிலும் இல்லை.

சிங்கப்பூரில் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை. ஜப்பானிய மொழிக்காக ஓராண்டு ஒசாகா குளிரில் நடுங்கினான். பிறகு மலாய், அதன்பின் வங்காளம். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்க் கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். முப்பதை நெருங்கியும் இவன் ஆசியவியல் ஆய்வு மாணவன். “அந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் லா?” என்று கேட்பவர்களுக்குப் பயந்து, பூசை முடியுமுன்பே மாதா கோயிலைவிட்டு நழுவிவிடுவான்.

கப்பல் பட்டறையில் தமிழரும் வங்காளியரும் சீனரும் பேசிக்கொள்ளும் கலப்பு மொழிதான் அவன் ஆய்வு. அதற்காகத்தான் லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவுக்கடையில் அங்கமுத்துவோடு பழகினான். அவர் துவாஸ் தொழிலாளர் விடுதியில் தங்கிப் பட்டறையில் வெல்டிங் செய்பவர்.

“பேசுறத போன்ல பதிஞ்சுக்கவாண்ணே? படிப்புக்குத்தான்.”

“பதிஞ்சுக்க தம்பி. என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு பேசவிட்டதில்ல.”

பதினான்கு ஞாயிறு டீ குடித்தார்கள். பட்டறைப் பேச்சு வீட்டுக் கதையானது. முதல் நாளே வாங்கவேண்டிய சம்மதப் படிவத்தை எலைஜா வெளியே எடுக்கவேயில்லை. வாய்த்த ஒரே சிநேகிதத்தின் நடுவே ஒரு தாளை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் செல்லாது என்று பல்கலைக்கழகத் துறை எழுதிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆங்கிலப் படிவத்தை நீட்டினான். அங்கமுத்துவின் முகம் இறுகியது. புரியாத தாளில் கையெழுத்துப் போட்டவனை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்பது விடுதிப் பேச்சு. “அப்புறம் பாக்கலாம்” என்று எழுந்துபோனவர், இரண்டு ஞாயிறு வரவில்லை.

எலைஜா துவாஸுக்கே போனான். விடுதி வாசலுக்கு வந்தவரிடம், “ஊருக்கு அனுப்புற தாள் இல்லண்ணே. தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன்” என்றான்.

அங்கமுத்து முழுவதும் படித்தார். ‘ஆய்வில் பங்கேற்பவர்’ என்ற இடத்தில் விரல் வைத்தார்.

“இதுதான் நானா?”

எலைஜா தலைகுனிந்தான்.

“அன்னிக்கு பயந்துதான் போனேன். இப்ப பயமில்ல. சிநேகிதன்னு நெனச்சு எல்லாத்தையும் கொட்டுனேன். நான் உன் வேலைன்னு இப்பத்தான் தெரியுது.”

“ரெண்டும்தாண்ணே.”

“இருக்கட்டும். ஒத்துக்கிட்ட வேலைய பாதியில விட்டுப் பழக்கமில்ல.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே. போனை வெளிய எடுக்கமாட்டேன்.”

“ஓ.டி. வேலை போட்டிருக்காங்க தம்பி.”

“எந்த ஞாயிறு?”

“இனி எல்லா ஞாயிறும்.”

வாசல் கருவியில் விடுதி அட்டையைத் தட்டி அவர் உள்ளே போய்விட்டார். அத்தியாயம் பிழைத்தது. எலைஜா படிவத்தைக் கசங்காமல் பையில் வைத்துக்கொண்டான்.