செல்லையன் மாமாவின் மூச்சும் காலும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் வீசுகிற காற்றில் பாதி, செல்லையன் மாமா மூச்சை உள்ளே இழுப்பதால் வீசுவது. மீதிப் பாதி அவர் வெளியே விடுவதால். அவர் தும்மினால் அமரவிளையில் தென்னை சாயும். நம்பாதவர்கள் அவர் உட்கார்ந்திருக்கும்போது வந்து பார்க்கலாம்.

உட்கார்ந்திருக்கும்போது என்று காரணமாகத்தான் சொன்னேன். மூட்டையோடு மேடு ஏறினால் பாதி வழியில் அவர் கால் இரண்டும் செத்துப்போகும்.

குடியிருந்தவனுக்கே மண் என்ற புதுச் சட்டத்தில், முதலாளி நிலத்தில் குடிசை நின்ற பத்து சென்ட் மண் அவர் பெயருக்கு வந்தது. பட்டயம் வந்த அன்றோடு முதலாளி தோட்டத்தில் அவருக்கு வேலை போனது. மற்றத் தோட்டக்காரர்களும் கூப்பிடவில்லை. மண் சொந்தம், அடுப்பு சும்மா. லாரியில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை ஏற்றப் போய்க் குடலிறக்கம் வந்ததுதான் மிச்சம். இனி துபாய்தான்.

துபாய்க்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட், பனச்சமூட்டில் மணல் மூட்டையைத் தலையில் வைத்து மேடு ஏறச் சொல்வான். வழியில் இறக்கி வைத்தவன் வீட்டுக்குப் போகலாம். மாமா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். காலில் வலுவில்லை என்று எண்ணெய் தேய்த்துத் தேய்த்து நேசம் மாமிக்குக் கைதான் தேய்ந்தது.

கடைசியில் நானும் மாமியும் கூட்டிப்போனபோது ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சிவதாணு காலைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். குடலிறக்கம் தெரியாமலிருக்க மாமா அங்கே தோர்த்துத் துண்டை நெஞ்சு வரைக்கும் இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"சும்மா இருக்கும்பம் மூச்சு விடுற தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும், செல்லையா. சுமையோட ஏறும்பம் நிறைய வேணும். நீ இப்படிக் கட்டிப்போட்டா அது இரட்டிப் பாடுபட்டுத் தளரும். தளந்தா நரம்பு வழியா கூப்பாடு போடும். உடனே காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும். காலுக்கு உள்ளதும் மூச்சுக்குப் போவும்."

அண்ணனுக்கு ஊற்றிய பிறகு எனக்குக் கஞ்சி வருவது போல. எனக்கு உடனே விளங்கியது. பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நான் எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

"அப்பம் கட்டை அவுக்கட்டா, சாரே?"

"அவுத்தா குடல் இறங்கும். ஆப்பரேசன் செய்யணும். பொறவு மூணு மாசம் சுமை எடுக்கப்பிடாது."

"ஏஜெண்ட் வாற சனிக்கிழமை கடைசியா வாறானாக்கும்" என்று மாமா சிரித்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூட்டைகளில் மணல் நிறைக்கிற வேலையை நான் கேட்டு வாங்கினேன். ஒரு மூட்டையில் மட்டும் நடுவில் உமி, சுற்றிலும் மணல். ஏஜெண்டை ஏய்க்கிற குஷிக்காகத்தான் செய்தேன், வேறு காரணம் கிடையாது. அதை மாமாவின் தலைக்குத் தூக்கிவிட்டதும் நான்தான்.

ஏறினார். கால் சாகவில்லை. உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஏஜெண்ட் அவர் பெயரை எழுதிக்கொண்டான். கூட்டம் கைதட்டியது.

"மாமோய், துபாய்ல இருந்து எனக்கொரு வாச்சு!" என்று நானும் கத்தினேன்.

மாமா வேலியோரம் போய் உட்கார்ந்து தோர்த்தை அவிழ்த்தார். முகம் சாம்பலாக இருந்தது. மூச்சு இன்னும் இரைந்தது. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"எலே, மூட்டைக்குள்ள உமி இல்லியாலே?"

"யாரு சொன்னா மாமா? ஒண்ணாந்தரம் ஆத்து மணலாக்கும்."

அவர் என் தலைமுடியிலிருந்து ஓர் உமியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அங்க உள்ள சிமெண்டு மூட்டைக்குள்ளயும் நீ வந்து நிறைச்சு வைப்பியாலே, மக்கா?"