உப்பைப் பூட்டி வைத்த வீடு

என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது, பஸ்ஸில் நின்றே வேலை பார்ப்பதால் வருகிற வீக்கம் என்றுதான் நினைத்தோம். திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பிறகு முகமும் வீங்கியது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் கெட்டுக்கொண்டே வருகின்றன, உப்பு அறவே கூடாது, தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார். அறுபதுகளின் தொடக்கம் அது. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வதெல்லாம் எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாத சங்கதி.

என்னிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டேன். உப்புச் சாடியை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர், நான், மாமியார் மூவருக்கும் உப்பில்லாத சமையல்தான். காலையில் எழுந்ததும் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். தாகம் என்று தவிக்கும்போது ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். வாந்தியைக் கையில் ஏந்தியிருக்கிறேன், முகம் சுளித்ததில்லை.

ஆனால் உப்பு என்று வாயெடுத்தால் எனக்குப் பொறுக்காது. "ஒரே ஒரு கல்லு குடு புள்ள, நாக்குல வச்சுக்கிறேன்" என்று கெஞ்சுவார். பஸ் நிறைய ஆட்களை அதட்டிய மனுஷன். "என்ன, சின்னப்புள்ளையா நீங்க?" என்று எரிந்து விழுவேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. பிறகு காரணம் தெரியாமல் மறுபடியும் ஏறியது. ஒருநாள் குளத்தில் துணி துவைத்துவிட்டுச் சீக்கிரமே திரும்பினேன். அடுப்படியில் படபடவென்று ஏதோ வெடிக்கிற சத்தம். பக்கத்து வீட்டில் வாங்கிவந்த கல்லுப்பை வெறும் சட்டியில் போட்டு மாமியார் வறுத்துக்கொண்டிருந்தார். நாட்டு மருந்துக்குப் பத்தியம் இருப்பவர்களுக்கு எங்கள் பக்கம் உப்பை வறுத்துத்தான் போடுவார்கள். வறுத்துவிட்டால் கெடுதல் போய்விடும் என்று நம்பிக்கை.

"பத்தியத்துக்கு வறுத்த உப்பு ஆகும்த்தா" என்றார், குற்றமே தெரியாத முகத்தோடு.

"ஒங்க புள்ளைய நீங்களே கொல்லப் போறீங்களா அத்தை?"

சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அடுப்படிக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. நான் இன்னும் கறாராக இருந்தேன். வீக்கமும் குறைந்தது. எல்லாம் என் சாமர்த்தியம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "வீக்கம் வடிஞ்சாலும் கிட்னி முழுக்கச் சுருங்கிப்போச்சும்மா. பத்தியத்தால இனிமே ஆகப்போறது ஒண்ணுமில்ல. அவரு கேக்குறதக் குடுங்க" என்றார்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். என்ன சொன்னாரு என்று கேட்டதற்கு, நல்லா இருக்கீங்களாம் என்றேன். வீட்டுக்கு வந்தால் மாமியார் வாசலிலேயே நிற்கிறார். அன்றைக்கு அடுப்படியில் நான் சொன்ன சொல்லுக்கு அத்தையின் காலில் விழுந்திருக்க வேண்டும். அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, மற்ற வீடுகளில் போடுகிற அளவுக்கு உப்புப் போட்டேன். ஆசையாய்ச் சாப்பிடட்டும், இத்தனை நாள் நான் செய்த கொடுமை கொஞ்சம் கரையட்டும் என்று நினைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

முதல் கவளத்தை வாயில் வைத்தவர் மெல்லாமல் என்னைப் பார்த்தார்.

"டாக்டரு கைவிட்டுட்டாரா?"

"அதெல்லாம் இல்லங்க. கை தவறி விழுந்திருச்சு."

"நீ கை தவறுற ஆளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு இலையில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளைக்கிப் பழையபடியே ஆக்கு புள்ள. உப்பில்லாமத் திங்கிறப்ப, பொழச்சிருவேன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு."

அவர் போகிற வரைக்கும் உப்பில்லாமல்தான் ஆக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் உப்புக் கேட்கவில்லை.