ஈரமாக வைத்திருக்க வேண்டிய பாதி

அருள்ராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் மொட்டைமாடியில் பழைய செய்தித்தாளை விரித்து மண்ணைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவர் மகள் அழுதாள். காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவில் இருந்தவர்தான். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

சங்கரன்கோவிலில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடம் இருவரும் ஒரே மேசை. அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், பேச்சில் பாதி கேலி. எங்களிடம் வருவது பெரும்பாலும் திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துக் கரிசல் மண். காய வைத்து, இடித்து, சலித்துப் பார்ப்போம். எந்த மண் வந்தாலும் என் கை அதைத்தான் செய்யும்.

போன வருடம் மாடசாமி அண்ணாச்சி சிவகிரி மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து மண் கொண்டுவந்தார். புளிப்பேறிய அமில மண். மரத்தில் இலை பழுத்து உதிர்வதாகச் சொன்னார். காயவைத்துப் பார்த்த எனக்கு மாங்கனீசு எகிறியிருந்தது. ஈரமாகவே பார்த்த அருள்ராஜுக்கு அதில் பாதிகூட வரவில்லை.

"உம்ம வெயில்ல அதுல இருந்த உசுரெல்லாம் போச்சு. செத்த மண்ண விசாரிச்சிட்டு, உசுரோட இருக்க மண்ணுக்கு மருந்து எழுதுதீரே, வே!"

மாங்கனீசு ஒரு வடிவத்தில் மண்ணோடு ஒட்டிச் சும்மா கிடக்கும், இன்னொரு வடிவத்தில் கரைந்து வேரில் ஏறும், மிஞ்சினால் மரத்துக்கு நஞ்சு. எந்த வடிவம் என்பதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் எரிச்சல் வந்தது. "விதிமுறை காயவைக்கத்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, மண்ணின் புளிப்பையும் மாங்கனீசையும் அடக்க என் கணக்கில் சுண்ணாம்பு போடச் சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மரம் தளிர்த்தது. அண்ணாச்சி ஒடித்துக் கொண்டுவந்த தளிர்க் கொப்பை அருள்ராஜ் முன்னால் வைத்து, "இப்போ என்ன சொல்லுதீரு?" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தளிர் வந்தது சந்தோசம். எதனால வந்துச்சுன்னு உமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல." அந்த வருடம் மழையும் நன்றாகத்தான் பெய்தது.

இந்த வருடம் அதே மரங்கள் மறுபடி மஞ்சளாகின்றன. இன்னும் சுண்ணாம்பு போடவா என்று கேட்டு அண்ணாச்சி மண் கொடுத்துப் போயிருந்தார். அளவுக்கு மீறிப் போட்டாலும் இலை மஞ்சளாகும் என்பதுதான் என் குழப்பம். "நாளைக்கு வாரேன், பாதிய எனக்கு ஈரமா வையும்" என்று அருள்ராஜ் போனில் சொன்னார். சரி என்றேன். மறுநாள் என் கை பழக்கத்தில் முழுவதையும் செய்தித்தாளில் கொட்டிவிட்டது. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

மூன்று நாள் கழித்து மாடிக்குப் போனேன். மண் பொடியாகக் கிடந்தது. அதைச் சோதிக்க மனம் வரவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு, வேறு மண் எடுத்து, ஈரம் போகாமல் பையில் கட்டிக் கொண்டுவரச் சொன்னேன்.

"ஏன், போன தடவ காயவச்சுத்தான பாத்தீய? அப்போ எழுதுனது?"

"சரியா தப்பான்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி."

அருள்ராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த 'தெரியல' என்ற ஒரு வார்த்தைதான். அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம்.