ஒன்பதாம் நிரையில் விழுந்த பந்து

எனக்குப் பேஸ்பால் பைத்தியம். மலாயாவில் குருண் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனும் ஆடாத ஓர் ஆட்டத்தின்மீது ஆயுசு முழுக்கக் கிறுக்குப் பிடித்துத் திரிந்தான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். வானொலியில் இரைச்சலுக்கு நடுவே ஜப்பான் ஸ்டேஷன் அகப்பட்டால் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. கட்டையில் பந்து படும் சத்தம் புரியும். அது போதும்.

யாரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் எங்கள் தோட்டத்தில் ஒரு பட்டாளம் இறங்கியது. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் சார்ஜன்ட் குடியேறினான். திடலில் அவர்கள் பேஸ்பால் ஆடினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பால்மரம் சீவ முடியாதவன் என்பதால் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆம்பளை ஆயா என்று கூப்பிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டுவேன்.

ஒருநாள் திடலோரமாகத் தடியைத் தட்டிக்கொண்டு போன என்னை ஒரு சிப்பாய் இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினான். முதல் பந்து நெஞ்சில் பட்டது. இரண்டாவது முழங்காலில் பட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது வரும்போது காற்றில் அதன் சத்தம் கேட்டது, குனிந்துகொண்டேன். உடனே கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் யாராவது எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஆட்டத்துக்கு நானாகவே போனேன். திடலோரம் உட்கார்ந்து காதாலேயே ஆட்டத்தைப் படித்தேன். எறிபவன் கால் மண்ணை உரசும். அடிக்கத் தவறினால் பந்து பின்னால் இருப்பவனின் தோலுறையில் பொத்தென்று விழும். அடி சரியாகப் பட்டால் ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அடிவயிறு சிலிர்த்துவிடும். பிறகு மூலைக்கு மூலை ஓடும் பூட்ஸ் சத்தம். ஒரு மாதத்தில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது.

அவர்களிடம் பந்து குறைவு. பெரிதாக அடித்தால் திடலைத் தாண்டி மரங்களுக்குள் போய்விடும். அது இலை உதிரும் காலம். தரை முழுக்கக் காய்ந்த இலை. பந்து விழும் சத்தத்தை வைத்து எத்தனையாவது நிரை, எத்தனையாவது மரம் என்று நான் சொல்லிவிடுவேன். நிரை என்றால் மர வரிசை; கான் என்றால் நிரைகளுக்கு நடுவே வெட்டிய வடிகால். தோட்டத்தில் எதையும் நிரை எண்ணித்தான் சொல்வோம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அதை அவர்களுக்கு ஜப்பான் பாஷையில் சொல்வார். பந்து கிடைத்தால் எனக்கு ஒரு டின் அரிசிச் சோறு. லயத்து வீடுகளில் மற்றவர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த நேரம் அது. நான் கொண்டுவரும் சோற்றை அண்ணி கஞ்சியாக்கித் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊற்றுவார்.

அண்ணன் அப்போது ஒளிந்திருந்தார். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லோரியில் ஏறியவர்கள் அதுவரை யாரும் திரும்பவில்லை. அண்ணன் பெயர் பட்டியலில் வந்த அன்றே அவர் மரங்களுக்குள் மறைந்துவிட்டார். எங்கே இருக்கிறார் என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. ஜப்பான்காரனோடு குலாவுகிறவனிடம் எப்படிச் சொல்வார்? மலைப்பக்கம் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜன்டே கட்டையைப் பிடித்தான். அப்படி ஓர் அடியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பந்து மரங்களுக்குள் போயிற்று. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"எங்கடா விழுந்துச்சு?" என்றார் கிராணி.

"ஒம்பதாம் நெரைங்க ஐயா. கான் ஓரம்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஒன்பதாம் நிரை என்றால் தேடப் போகிறவன் பாதி தூரம் நடப்பதற்குள் அங்கே பதுங்கியிருந்த அண்ணன் நழுவியிருப்பார். ஆனால் எனக்குத் தலைக்கனம். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற நினைப்பு.

"ஆனா தரையில விழலைங்க. மரத்துலயும் படல. மெத்துன்னு எதுமேலயோ பட்டுச்சு. காட்டுப் பன்னி படுத்துருக்குன்னு நெனைக்கிறேன்லா."

கிராணி அதைச் சொன்னதும் சிப்பாய்கள் குஷியாகிவிட்டார்கள். பன்றிக் கறி! நாலு பேர் துப்பாக்கியோடு சத்தம் போடாமல் சுற்றி வளைத்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வெடி வரவில்லை. "பக்கேரோ!" என்ற ஜப்பான் வசவும், இலைமேல் ஓர் ஆள் இழுபடும் சத்தமும், பிறகு இருமலும் வந்தன. அந்த இருமலை எனக்குத் தெரியும்.

விலாவில் அடி விழுந்தும் வாய் திறக்காமல் கான் குழிக்குள் கிடந்திருக்கிறார் அண்ணன். என்னைக் கடந்து இழுத்துக்கொண்டு போகும்போது சொன்னார்:

"நல்லாக் கண்டுபுடிச்சடா, தம்பி."

கோபமே இல்லை அந்தக் குரலில். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போதும் இப்படித்தான் சொல்வார். நான் ஓவென்று அழுதேன். சார்ஜன்ட் என் முதுகில் தட்டி, அன்றைக்கு இரண்டு டின் சோறு கொடுக்கச் சொன்னான். பன்றி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை லோரி போயிற்று. சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர், அண்ணன் வாந்திபேதியில் போய்விட்டதாகச் சண்டை முடிந்த பிறகு வந்து சொன்னார்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தடியை எடுத்து வந்து கையில் வைத்தார்.

"போய்ட்டு வாங்க. புள்ளைங்க பசியில கெடக்குது."

போனேன். அன்றைக்கு மூன்று பந்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இதைக் கேட்கிறவர்கள், வயிற்றுக்காகப் போனாய், அதில் என்ன தப்பு என்பார்கள். அண்ணியும் சாகிறவரை அப்படித்தான் நம்பினார். சோறு தராவிட்டாலும் போயிருப்பேன் என்பதை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.