அழகம்மை படித்த ஆட்டுப் படம்

எங்கள் நூலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தாய்மாரையும் குழந்தைகளையும் உட்காரவைத்துப் படக்கதை சொல்கிறேன். இன்று அதைப் பார்வையிட நூலக இன்ஸ்பெக்டர் புதுக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

அப்போது எங்கள் ஊர்க் கோட்டைக்குப் பின்னால் ஆடு மேய்க்கும் அழகம்மை, மடியில் மகளை வைத்துப் புத்தகத்தில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா பாரு, சினையாடு. ரெண்டு நாள்ல குட்டி போட்டுரும்."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கி, படத்துக்குக் கீழே இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "ஆடு வேகமாக ஓடுகிறது."

"இந்த வயித்தோட அது எங்கிட்டுங்க ஓடும்?" என்றாள் அழகம்மை.

எட்டிப் பார்த்தேன். ஆட்டின் வயிறு தரையைத் தொடாத குறைதான். அதுவரை வாயே திறக்காத அவள் மகள், அந்த வயிற்றில் விரலை வைத்து, "குட்டி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் முகம் சிவக்க நூலகக் குறிப்பேட்டில் எழுதினார்: 'எழுத்தறியாதவர் கையில் புத்தகம் தரக் கூடாது.'

அதற்கு நேர் கீழே நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'அடுத்த வெள்ளிக்கிழமை கதை சொல்பவர் அழகம்மை.' வேலை போனால் போகட்டும்.

நூலக நண்பர்களே, எழுத்துத் தெரிந்தும் படம் பார்க்கத் தெரியாதவர்கள் உங்கள் ஊருக்கும் வருகிறார்களா? ஒரு கார்டு போடுங்கள்.