ஏழுமலையின் ‘ஒண்ணுமில்ல’

சென்ற ஞாயிறு காலை. பழவேற்காட்டுக் கரையில் ஏழுமலையின் படகு ஒதுங்கியது. “மீன் பட்டதா?” என்றேன்.

“இன்னாத்த சொல்ல பெரியவரே... ஒண்ணுமில்ல.”

ஈரச் சாக்கு சற்றே விலகியது. கூடை நிறைய இறால்! கரையில் உண்மையைச் சொன்னால், மறுநாள் அதே இடத்தில் பத்து வலை விழும் அல்லவா?

அன்று பிற்பகல், டச்சுக் கல்லறைச் சுவரின் நிழலில், அதே ஏழுமலைக்கு எதிராக ‘இருபத்தெட்டு’ சீட்டாட்டம் ஆட அமர்ந்தேன். வழக்கமான என் ஜோடி வரவில்லை. அவ்விடத்தில் வந்தமர்ந்தவர் — என் சம்பந்தி கோதண்டம்!

இரண்டாண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. மாப்பிள்ளை வீட்டு விருந்தில், சோறு போதும் என்ற அவர் வாக்கை நம்பாமல், ஆள்விட்டு இலைகளை எண்ண வைத்தவன் நான். அன்று முதல் என் மகள் வாழும் வாசலை நான் மிதித்ததில்லை.

சீட்டு போட்டதும் ஏழுமலை முகம் சுளித்தார். “பாஸு. கையில ஒண்ணுமில்ல நைனா.” அவருடைய ஜோடி தேசிங்கு, இருபது புள்ளி எடுப்பதாகக் கேட்டார். மொத்தமே இருபத்தெட்டுப் புள்ளிதான்; நாங்கள் ஒன்பது எடுத்தால் அவர் கேள்வி முறியும்.

எட்டு எடுத்துவிட்டோம். துருப்புகள் தீர்ந்தன. இறக்க வேண்டியவன் நான். என் கையில் இரண்டே சீட்டு: ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் ஏழு.

இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு; ஆர்ட்டின் ஜாக்கி இன்னும் வெளிவரவில்லை. தேசிங்கிடம் ஆர்ட்டினே இல்லை. ஆக, ஜாக்கி இருப்பது சம்பந்தியிடமா, ஏழுமலையிடமா? சம்பந்தியிடம் என்றால் ஆர்ட்டின் இறக்கலாம். ஆனால் அவர் முதன்முதலில் இறக்கியது கிளாவர் — ‘இதையே திருப்பிக் கொடு’ என்னும் ஜாடை.

“இன்னா சம்பந்தி, இதையும் ஆள வுட்டு எண்ணணுமா?” என்றார் கோதண்டம். இரண்டாண்டுகளில் என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம்!

ஏழுமலையைப் பார்த்தேன். கையில் ஒண்ணுமில்லை என்றாரே... காலையிலும் அதைத்தானே சொன்னார்?

கிளாவரை இறக்கினேன்.

கோதண்டத்தின் கிளாவர் ஆஸ் சுவரோரம் பளாரென விழுந்தது. ஆஸுக்கு ஒரு புள்ளி; ஆக, ஒன்பது! ஏழுமலை சிரித்தபடி தன் கையிலிருந்த ஆர்ட்டின் ஜாக்கியைத் திருப்பிக் காட்டினார். “பெரியவரு கூடைய மோந்துட்டாருப்பா!”

கோதண்டம் என் தோளைப் பற்றினார். “இப்பவாச்சும் என்ன நம்புனீங்களே. வூட்டுக்கு வாங்க... மருமவ ஒங்களையே கேட்டுக்கினு கீது.”

போனேன். வயிறார உண்டேன்.

நான் நம்பியது அவரையன்று, ஏழுமலையின் கூடையை என்பதை வாசகர்களாகிய உங்களிடம் மட்டுமே சொல்கிறேன். இந்தப் பத்தியைத் தாம் படிப்பதே இல்லை என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார்.

நம்புகிறேன்!